'மேற்படி' என்றால் எப்படி?



ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை இருக்கும், ஹைக்கூ இருக்கும், கடி ஜோக் இருக்கும். அதையெல்லாம் எழுத நம்ம செட்டில் ஆள் நிறைய. எனக்குக் கவிதை வராது. அதனால் நாம் தினமும் லேபில் முகம் பார்க்கிற ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவருக்கு முகமே மூன்று அம்புக்குறிதான்: >>>

பைத்தான் ஷெல்லைத் திறந்ததும் "என்ன வேணும், கேளு" என்கிற மாதிரி நிற்குமே, அவரேதான்! இரண்டும் மூன்றும் எவ்வளவு என்று கேட்டால் ஐந்து என்று உடனே சொல்வார். ப்ரிண்ட் வேண்டாம், சேவ் வேண்டாம், ரன் வேண்டாம். இவ்வளவு நல்லவர் நம்மில் எத்தனை பேரைப் பிராக்டிக்கலில் கவிழ்த்திருக்கிறார் என்பதுதான் இந்தக் கட்டுரை. (மலர் முழுக்கத் தமிழ் என்பதால், ஆங்கிலத்தில் அடிக்க வேண்டிய கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஆனால் மாறிகளின் பெயரை நிஜமாகவே தமிழில் வைக்கலாம். 2008-ல் வந்த பைத்தான் 3 முதல் 'எடை = 40' என்று அடித்தால் அது மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். செய்து பாருங்கள்!)

என் நண்பன் ஒருவன். எண்ணூர்ப் பக்கம் குப்பத்துப் பையன். அப்பாவுக்கு ஃபைபர் போட்டில் கடல் தொழில். பத்தாவது வரை தமிழ் மீடியம், அப்புறம் நேராக டிப்ளமோ. கணக்கில் புலி. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. லேபில் கிடைக்கிற நேரத்தில் ஷெல்லிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்டுக் கேட்டுப் பைத்தான் கற்றவன்.

மாடல் பிராக்டிக்கல் வந்தது. புரோகிராமை ஃபைலில் எழுதினான். ஃபங்ஷன் சரி, லாஜிக் சரி, கடைசி வரியில் ஃபங்ஷனைக் கூப்பிட்டதும் சரி. ரன் கொடுத்தான். எரர் இல்லை. அவுட்புட்டும் இல்லை! வெள்ளையாக ஒரு திரை. "அவுட்புட் எங்கப்பா?" என்று கேட்டார்கள். இவன் அதே வரியை ஷெல்லில் அடித்துக் காட்டினான். பதில் டாண் என்று வந்தது. "ஷெல்லுல வந்தா மார்க் கிடையாது, ஃபைல்ல வரணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவன் சொன்னது: "அங்க வருது, இங்க வரல. ஏன்னு யாரும் சொல்லமாட்றாங்க. நமக்கெல்லாம் கம்ப்யூட்டர் வராது மச்சான். டி.சி. வாங்கினு போட்டுக்கே போய்டலாம்னு கீது."

ஒரு ப்ரிண்ட்டுக்காக ஒருத்தன் படிப்பையே விடுவதா? அவனுக்குத் தெரியாமல் போனது கம்ப்யூட்டர் அல்ல. ஷெல்லில் பேசுகிற பாஷை வேறு, ஃபைலில் எழுதுகிற பாஷை வேறு என்பதை யாரும் அவனிடம் பிரித்துச் சொல்லவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஷெல்லில் ஒரு கணக்கையோ ஃபங்ஷனையோ அடித்தால், பதிலைத் திரையில் காட்டுவது ஷெல் செய்கிற மரியாதை. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறான், பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று அதற்குத் தெரியும். ஃபைலை ஓட்டும்போது எதிரே யாரும் இருப்பதாகப் பைத்தான் நினைப்பதில்லை. கணக்கைப் போடும், விடையைக் கீழே போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும். காட்டு என்று சொன்னால்தான் காட்டும். அந்தக் 'காட்டு'தான் ப்ரிண்ட்.

இன்னொரு வம்பும் உண்டு. 'கூட்டு' என்று ஒரு ஃபங்ஷன், விடையை ரிடர்ன் செய்கிறது. 'காட்டு' என்று இன்னொன்று, விடையை ப்ரிண்ட் செய்கிறது. ஷெல்லில் இரண்டையும் கூப்பிட்டால் இரண்டுமே 5 என்றுதான் தெரியும். கண்ணால் பார்த்து எது எது என்று சொல்லவே முடியாது! ரிடர்னும் ப்ரிண்ட்டும் ஒன்றுதான் என்று நம்மில் பாதிப் பேர் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஷெல்லிடமே ஒரு லிட்மஸ் தாள் இருக்கிறது. அதுதான் அடிக்கோடு: _

ஷெல் கடைசியாகக் காட்டிய விடையை இந்த அடிக்கோட்டில் போட்டு வைக்கும். நீங்கள் திரும்ப அடிக்கத் தேவையில்லை. இதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க சித்தப்பாவின் நோட்டுப் புத்தகம்.

எங்க ஊர் மணலி. 1969-ல் ஓட ஆரம்பித்த சுத்திகரிப்பு ஆலை உள்ள ஊர். 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ்' 2000-ல் 'சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்' ஆகிவிட்டது. ஆனால் எங்க ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னமும் எம்.ஆர்.எல்.தான். ராத்திரி அதன் நெருப்பு தெரியும், பகலில் ரோடு முழுக்க டேங்கர் லாரி, டிரெய்லர் லாரி. லாரி இருக்கிற இடத்தில் எடைமேடை இருக்கும். அப்படி ஓர் எடைமேடையில்தான் சித்தப்பா கணக்கு எழுதுகிறார். கம்ப்யூட்டர் சீட்டு தனியாக வரும். ஆனாலும் கையால் எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு. ஒரே பார்ட்டியின் லாரி வரிசையாக வந்தால் முதல் வரியில் பார்ட்டி பெயர், அதற்குக் கீழே எல்லாம் 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'.

ஒரு தடவை நைட் ஷிஃப்ட்காரர் எழுதிக்கொண்டே வந்தார். நோட்டு முடிந்தது. புது நோட்டு எடுத்தார். அதே ஓட்டத்தில் முதல் பக்கம், முதல் வரியிலும் 'மேற்படி' போட்டுவிட்டார்! பழைய நோட்டு காலையில் ஆபீசுக்குப் போய்விட்டது. அந்த முதல் வரி லாரி எந்தப் பார்ட்டியின் லோடு என்று சொல்ல ஆளில்லை. டிரைவர் மதியம் வரை வெயிலில் நின்றார். அவருக்கு அன்றைக்கு ஒரு டிரிப் போச்சு, படியும் போச்சு.

சித்தப்பா அன்று சொன்னார்: "எழுதுனவனுக்கு மேற்படி யாருன்னு தெரியும்டா. அவன் வீட்டுக்குப் போய்ட்டான்னா? படிக்கிறவனுக்கு மேல இன்னா கீது, வெறும் அட்டைதானே கீது!"

பைத்தானின் அடிக்கோடும் இந்த மேற்படியேதான். லாரிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 31,240 கிலோ, காலி எடை 11,860 கிலோ.

>>> 31240 - 11860
19380
>>> _ / 1000
19.38

நிகர எடை 19.38 டன். அருமை! புதிதாக ஷெல்லைத் திறந்து, எதுவும் கேட்காமல் முதல் வரியிலேயே _ அடித்துப் பாருங்கள். 'நேம் எரர்' வரும். புது நோட்டு, முதல் வரி, மேற்படி! ஃபைலில் அடித்தாலும் அதே கதிதான். ஏனென்றால் விடையைத் திரையில் காட்டுகிற வேலைக்காரன்தான் அதை அடிக்கோட்டிலும் போட்டு வைக்கிறான். ஃபைலில் அந்த வேலைக்காரனுக்கு வேலையே கிடையாது.

இப்போது அந்த லிட்மஸ் தாளுக்கு வருவோம்.

>>> கூட்டு(2, 3)
5
>>> _ * 10
50
>>> காட்டு(2, 3)
5
>>> _ * 10
500

கடைசியில் 50 வரும் என்றுதானே எதிர்பார்த்தீர்கள்? 500 ஏன் வந்தது? 'காட்டு' 5 என்பதைத் திரையில் எழுதியது. ஆனால் கையில் எதையும் கொடுக்கவில்லை. கொடுக்காததை ஷெல் மேற்படியில் வைக்க முடியுமா? அங்கே பழைய 50 அப்படியே இருந்தது. அதைப் பத்தால் பெருக்கினால் 500. ஆக, அடிக்கோடு என்பது "திரையில் கடைசியாகத் தெரிந்தது" அல்ல. "ஷெல் கையில் கடைசியாக வாங்கியது". இது ஒன்று புரிந்தால் ரிடர்ன் எது, ப்ரிண்ட் எது என்ற குழப்பம் ஜென்மத்துக்கும் வராது.

அடிக்கோட்டுக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு, கேளுங்கள். ஒன்று, 'காலி = 11900' என்று ஒரு மாறியில் மதிப்பை வைத்தால் மேற்படி மாறாது. வைப்பது வேறு, விடை சொல்வது வேறு. இரண்டு, நீங்களே ஷெல்லில் '_ = 5' என்று எழுதிவிட்டால் அது உங்கள் சொந்த மாறி ஆகிவிடும். அதற்கப்புறம் எத்தனை கணக்குப் போட்டாலும் _ என்று கேட்டால் 5, 5, 5 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஃபார் லூப்பில் பெயர் தேவைப்படாத இடத்தில் சும்மா _ போடுகிற வழக்கம் இருக்கிறதே, அதை ஷெல்லில் செய்தாலும் இதே கூத்துதான். 'டெல் _' என்று அழித்தால் பழைய மேற்படி திரும்பி வரும்.

அடுத்து, வெளியே போகிற கதை. ஷெல்லில் 'எக்ஸிட்' என்று மட்டும் அடித்தால் பழைய பைத்தான் என்ன செய்யும்? வெளியே போகாது. "போக வேண்டுமானால் எக்ஸிட்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி போடு" என்று பாடம் நடத்தும். "நான் என்ன கேக்குறேன்னு தெரியுதில்ல, அப்புறம் இன்னா வியாக்கியானம்?" என்று கோபம் வரும். ஆனால் அது தன் விதிப்படிதான் நடக்கிறது. பெயரை மட்டும் சொன்னால் "இன்னார்" என்று விவரம் சொல்லும். அடைப்புக்குறி போட்டுக் கூப்பிட்டால்தான் எழுந்து வரும். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-ல்தான் ஷெல் மனம் இரங்கியது. அதில் எக்ஸிட் என்று மட்டும் அடித்தாலே போதும். ஆனால் இந்தச் சலுகை ஷெல்லுக்கு மட்டும்தான், ஃபைலுக்கு இல்லை!

கூகுள் கோலாப் பழகியவர்களுக்கு இன்னும் பெரிய பொறி இருக்கிறது. அதற்குள் ஓடுவது ஐபைத்தான். 2001-ல் பெர்னாண்டோ பெரெஸ் என்பவர் தொடங்கியது. அங்கே வரியின் முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அது சிஸ்டத்துக்குப் போகிற கட்டளை; சதவீதக்குறி போட்டால் அது ஒரு தனி வசதி; பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் விளக்கம் வரும். மூன்றும் பைத்தானே கிடையாது! இந்த ஆச்சரியக்குறி வரியை அப்படியே ஃபைலில் ஒட்டினால் 'சின்டாக்ஸ் எரர்'. இன்னொன்று: கோலாப்பின் ஒரு பெட்டியில் பத்து வரி எழுதினால், ப்ரிண்ட் போடாத விடைகளில் கடைசி வரியின் விடை மட்டும்தான் தெரியும். மற்ற ஒன்பதும் எங்கே போச்சு என்று தேடாதீர்கள்.

சரி, இந்தச் சுருக்கு வழியெல்லாம் பைத்தான் கண்டுபிடித்ததா? இல்லை. 1964 மே 1-ம் தேதி விடியற்காலையில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்களின் பேசிக் மொழி முதன்முதலாக ஓடியது. கணினித் துறை அல்லாத மாணவர்களும் கணினியோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். பிற்பாடு டாஸ் காலத்தில் வந்த ஜி.டபிள்யூ. பேசிக்கில் வரிக்கு முன்னால் எண் போடாவிட்டால் உடனே செய்யும். எண் போட்டால் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளும். ப்ரிண்ட் என்று முழுசாக அடிக்கச் சோம்பல் வந்தால் வெறும் கேள்விக்குறி போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று. கேள்விக்குறி போட்டு எழுதிய புரோகிராமை 'லிஸ்ட்' கொடுத்துப் பார்த்தால், நீங்கள் போட்ட கேள்விக்குறியைக் காணோம்! அந்த இடத்தில் ப்ரிண்ட் என்று முழு வார்த்தையாக நிற்கும். சொன்னது கொச்சையாக இருந்தாலும் எழுதி வைத்தது நல்ல மொழியாக இருந்தது. பேச்சை எழுத்தாக மாற்றித் தருகிற குமாஸ்தா மாதிரி!

சித்தப்பா 1990களில் திருவொற்றியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸ் படித்தவர். அதில் >>> கிடையாது, ஒரே ஒரு புள்ளி. "எந்தக் கட்டளையா இருந்தாலும் மொத நாலு எழுத்து அடிச்சா போதும்டா, புரிஞ்சிக்கும்" என்று இப்போதும் பெருமையாகச் சொல்வார். டிபேஸில் அந்த நாலெழுத்தைப் புரோகிராம் ஃபைலிலேயும் எழுதலாம். மெஷின் தடை சொல்லாது. "அப்போ ஃபைல்ல எழுதினா பின்னாடி படிக்கிறவனுக்கு?" என்று கேட்டேன். சிரித்தார். "அவன் கஷ்டம் அவனுக்கு" என்றார். மேற்படி நோட்டுக்காரருக்கும் சித்தப்பாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலிருக்கிறது!

இதையெல்லாம் நண்பனுக்கு எப்படிச் சொல்வது? ஆங்கில வார்த்தைகளை அடுக்கினால் அவன் இன்னும் மிரண்டு போவான். பத்தாம் வகுப்புத் தமிழ் இலக்கணம் கைகொடுத்தது. தொகைநிலைத் தொடர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

"பால் குடிச்சான்னா என்ன மச்சான்?" என்றேன்.

"வேற்றுமைத் தொகை. பாலைக் குடித்தான். 'ஐ' மறைஞ்சி கீது" என்றான். தமிழ் மீடியம் ஆயிற்றே!

"ஊறுகாய்?"

"வினைத்தொகை. ஊறின காய், ஊறுற காய், ஊறப்போற காய். காலம் மறைஞ்சி கீது."

"மறைஞ்சிருக்கிறது உனக்கு எப்படித் தெரியுது?"

"தமிழ் தெரிஞ்சவனுக்குத் தெரியும்."

"அதேதான். ஷெல்லுல நீ அடிக்கிறது தொகை. காட்டுங்கிறது மறைஞ்சிருக்கு; ஷெல் அதைப் புரிஞ்சிக்கும். ஃபைலுக்குத் தொகை புரியாது. அதுக்கு விரிச்சி எழுதணும்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையைத் திறந்து அப்சர்வேஷன் நோட்டை எடுத்தான். தோற்ற அந்தப் புரோகிராமின் கடைசி வரியைப் பார்த்தான். ஃபங்ஷன் பெயரைச் சுற்றிப் பேனாவால் ப்ரிண்ட் என்றும் அடைப்புக்குறியும் போட்டான். "அவ்ளோதானா?" என்றான். "அவ்ளோதான்" என்றேன். "இதுக்கா டா ஒரு மாடல் போச்சு!" என்று அவன் அடித்த அடி என் முதுகில் இரண்டு நாள் இருந்தது.

நிஜ பிராக்டிக்கலில் அவனுக்கு அவுட்புட் வந்தது. வைவாவில் ரிடர்னுக்கும் ப்ரிண்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்களாம். "ரிடர்ன் கையில கொடுக்கும் சார், ப்ரிண்ட் கண்ணுல காட்டும்" என்றானாம். எந்தப் புத்தகத்திலும் இதைவிட நல்ல விடையை நான் படித்ததில்லை.

ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு நான்கே வார்த்தை. ஷெல்லை விட்டுவிடாதீர்கள், சந்தேகம் கேட்க அதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடையாது. ஆனால் ஷெல்லில் செய்ததை ரெக்கார்டில் ஏற்றும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். காட்ட வேண்டியதற்கெல்லாம் ப்ரிண்ட் இருக்கிறதா? _ வந்த இடத்திலெல்லாம் ஒரு நல்ல பெயர் வைத்தேனா? >>>, !, % போன்ற ஷெல்லின் சரக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா? முடிந்ததும் ஷெல்லை மூடி, புதிதாகத் திறந்து, ஃபைலை ஒருமுறை ஓட்டுங்கள். பழைய நோட்டு இல்லாமலே கணக்கு நின்றால் அது உங்கள் கணக்கு.

தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. தமிழில் யோசித்தால் கம்ப்யூட்டர் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி செய்திருக்கிறார். அதில் ப்ரிண்ட்டுக்குப் பெயர் 'பதிப்பி'. அதுவும் பைத்தானைக் கொண்டு கட்டிய மொழிதான். வழி இருபக்கமும் திறந்தே இருக்கிறது. தொகையை விரிக்கத் தெரிந்தவனுக்கு ஷெல்லும் ஃபைலும் ஒரு பொருட்டா?

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். ஏதாவது புரியவில்லை என்றால் மூன்றாவது லேபில் ஜன்னலோரம் இருப்பேன், வந்து கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்ல எண்ணூர்க்காரன் ஒருத்தன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்!



— இறுதியாண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் பிரிவு,
மணலி.